ஜட்டுவைக் கொடுத்து சஞ்சுவை வாங்கலாமா?

2025 நவம்பரில் ஒரு வாரம், திருவாரூர் தெற்கு வீதி டீக்கடைகளில் மழைக்குப் போட்டியாக ஒரு கொடுக்கல் வாங்கல் பேசப்பட்டது. சம்பா வயலில் தண்ணீர் வடிந்ததா, யூரியா போடலாமா என்று ஆரம்பிக்கும் பேச்சு, டீ ஆறுவதற்குள் ஜடேஜாவில் வந்து நின்றது.

"ஏண்ணே, ஜட்டுவைக் குடுத்துட்டு சஞ்சுவை வாங்குறாங்களாமே?"

"குடுக்கட்டும் தம்பி. அகமதாபாத்துல அடிச்ச அந்தக் கடைசி ரெண்டு பந்தையும் சேத்துக் குடுத்துடுவாங்களா?"

இதற்கு மேல் அந்தப் பெஞ்சில் யாராலும் பேச முடியவில்லை. 2023 இறுதிப்போட்டி. மழை கொட்டி, நள்ளிரவு தாண்டி, மோகித் சர்மா வீசிய கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவை. ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தோனி ஜடேஜாவைத் தூக்கிக்கொண்ட அந்தப் படம் இன்றும் பலருடைய போனில் வால்பேப்பராக இருக்கிறது. வால்பேப்பரை வைத்து அணி கட்ட முடியாது என்பதும் உண்மை. எனவே கணக்கைப் பார்த்துவிடலாம்.

பேசப்பட்ட டிரேடு இதுதான். அப்போதைய ராஜஸ்தான் ராயல்ஸ் கேப்டன் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருவார். பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும், இங்கிலாந்து ஆல்ரவுண்டர் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போவார்கள். ஒரு வாரமாகச் செய்திகள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன. இந்த டிரேடைப் பற்றி அந்த வார வியாழக்கிழமை வரை இரு அணிகளிடமிருந்தும் முறையான அறிவிப்பு வரவில்லை. சனிக்கிழமை, நவம்பர் 15 அன்று, யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்ற பட்டியலைப் பத்து அணிகளும் கொடுத்தாக வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த அவசரம்.

இதில் ஒரு வேடிக்கை. 2025 ஐ.பி.எல் புள்ளிப் பட்டியலில் ராஜஸ்தான் ஒன்பதாவது, சென்னை பத்தாவது. இரண்டுக்கும் 14 ஆட்டத்தில் 4 வெற்றி, 8 புள்ளி. ரன்ரேட்டில்தான் சென்னை கீழே போனது. ஐ.பி.எல் வரலாற்றில் சென்னை கடைசி இடத்தில் முடித்தது அதுவே முதல் முறை. வகுப்பில் கடைசி இரண்டு பேர் நோட்டை மாற்றி எழுதுவது போல இருக்கிறது என்று கிண்டல் செய்யலாம். ஆனால் கடைசியில் நிற்பவர்களுக்குத்தான் மாற்றிப் பார்க்க வேண்டிய தேவை அதிகம்.

முதலில் அப்போதைய விலைப்பட்டியல். ஜடேஜா 18 கோடி. சஞ்சு 18 கோடி. சாம் கரன் 2.4 கோடி. அதாவது சென்னை 20.4 கோடி மதிப்புள்ள இருவரைக் கொடுத்து, 18 கோடி மதிப்புள்ள ஒருவரை வாங்குகிறது. பார்த்தவுடன் நஷ்டம் போலத் தெரியும். உண்மையில் சென்னைக்கு 2.4 கோடியும் ஒரு வெளிநாட்டு வீரர் இடமும் மிச்சமாகிறது. ஆகஸ்டில் அஸ்வின் ஐ.பி.எல்லில் இருந்து ஓய்வு பெற்றதால் அவருடைய 9.75 கோடியும் கைக்கு வந்துவிட்டது. வேறு ஒருவரையும் விடாமலேயே 2025 டிசம்பர் மினி ஏலத்துக்கு 12 கோடிக்கு மேல் எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அப்போதைய கணக்கு.

சிக்கல் ராஜஸ்தான் பக்கத்தில்தான். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டினர் 8 பேர் மட்டுமே. ராஜஸ்தானில் அப்போது அந்த எட்டு இடமும் நிரம்பியிருந்தது. பர்ஸிலும் சில லட்சங்கள்தான் மிச்சமிருந்தது. கரனை வாங்க வேண்டுமென்றால் யாராவது ஒரு வெளிநாட்டு வீரரை முதலில் அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு கேப்டன்கள், மூன்று கோப்பைகள், 12 சீசன் என்று பெரிய பெரிய வார்த்தைகள் புழங்கும் ஒரு டிரேடு, கடைசியில் ஒரு நாற்காலி காலியாக இல்லை என்பதற்காகக் காத்து நின்றது!

துண்டுக்கு அடியில் என்ன விலை?

ஏலமும் டிரேடும் ஒன்றல்ல. ஏலத்தில் வீரர் வெறும் பெயர், யார் கை தூக்குகிறார்களோ அங்கே போக வேண்டியதுதான். ஐ.பி.எல் டிரேடில் அப்படி இல்லை. இரு அணிகளும் ஒத்துக்கொள்ள வேண்டும், வீரரும் சம்மதித்துக் கையெழுத்து போட வேண்டும், பிறகு கிரிக்கெட் வாரியத்தின் ஒப்புதல் வர வேண்டும். வீரர் வேண்டாம் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. எனவே "ஜட்டுவை விற்கிறார்கள்" என்று கோபப்படுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ஜடேஜா சரி என்று சொல்லாமல் அவரை யாராலும் அனுப்ப முடியாது.

ஆனால் வெளியே தெரியாத பகுதி ஒன்றும் உண்டு. மாட்டுச் சந்தையில் இரண்டு பேர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு மாடு தெரியும், விலை தெரியாது. ஐ.பி.எல் டிரேடிலும் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. வீரரின் சம்பளம் வெளியே தெரியும். அணிக்கு அணி கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை தெரியாது. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனபோது 15 கோடி சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு மேல் குஜராத்துக்கு மும்பை கொடுத்தது எவ்வளவு என்று இன்றுவரை யாரும் அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை.

ஹர்திக் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. காகிதத்தில் அது மும்பைக்கு அருமையான டிரேடு. கோப்பை வென்ற கேப்டன், வேகமும் வீசுவார், அடித்தும் ஆடுவார். ஆனால் ரோஹித் சர்மாவிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்து அவரிடம் கொடுத்தார்கள். வான்கடே மைதானத்திலேயே சொந்த ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். 2024-ல் மும்பை பத்தாவது இடம். அடுத்த வருடம் அதே ஹர்திக் தலைமையில் அதே அணி பிளே-ஆஃப் போனது. ஆள் மாறவில்லை, வந்த காயம் ஆறுவதற்கு ஒரு சீசன் பிடித்தது. சென்னை இதைக் கவனிக்க வேண்டும். சஞ்சு ஐந்து சீசன் ராஜஸ்தானுக்குக் கேப்டனாக இருந்தவர், 2022-ல் அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டு போனவர். ருதுராஜ் கெய்க்வாட்டின் கேப்டன் பதவி அவரிடமே இருக்கும் என்பதை, சஞ்சு வருகிற அன்றே சென்னை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மறுநாள் சொன்னால்கூட தாமதம்தான்.

சஞ்சு எதற்கு?

2025 நவம்பரில் தோனிக்கு வயது 44. 2026-லும் ஆடுவார் என்று அணியின் தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதன் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வருடம்? அதற்கும் அடுத்த வருடம்? இந்தக் கேள்வியை ஐந்து வருடமாக ஒவ்வொரு சீசன் முடிவிலும் கேட்டு, ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டாகிவிட்டது. விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க, இந்திய அணிக்கு ஆடும் தரத்தில் ஒருவர் டிரேடுக்குக் கிடைப்பது அடிக்கடி நடப்பதில்லை. 2025 நவம்பர் 11-ம் தேதிதான் சஞ்சுவுக்கு 31 முடிந்தது. இன்னும் ஐந்தாறு வருடம் நன்றாக ஆடலாம்.

அதைவிட அவசரமான காரணம் பேட்டிங். சென்னையின் 2025 சீசனை ஒரே ஆட்டத்தில் சொல்ல வேண்டுமென்றால் ஏப்ரல் 11, சேப்பாக்கம், கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103/9. சொந்த மைதானத்தில் அவ்வளவு குறைவாக அந்த அணி அடித்ததே இல்லை. கொல்கத்தா பதினோராவது ஓவரின் முதல் பந்தில் முடித்துவிட்டுப் போனது. பவர்பிளேயில் கட்டை போட்டு, நடுவில் விக்கெட் விட்டு, கடைசியில் தோனி வருவார் என்று காத்திருக்கும் அந்த முறை காலாவதியாகிவிட்டது. சீசனின் பின்பாதியில் ஆயுஷ் மாத்ரேயும், டெவால்ட் பிரெவிஸும், உர்வில் படேலும் வந்த பிறகுதான் ஸ்கோர்போர்டு கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. அந்த இளம் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஆட, முதல் பந்திலிருந்து அடிக்கத் தயங்காத அனுபவசாலி ஒருவர் வேண்டும். ஐ.பி.எல்லில் மூன்று சதமும் நான்காயிரத்து எழுநூறு ரன்னும் வைத்திருக்கும் சஞ்சு அந்த இடத்துக்குப் பொருந்துகிறார். 2024-ன் கடைசியில் இந்தியாவுக்காக ஐந்து டி20 ஆட்டத்துக்குள் மூன்று சதம் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் சஞ்சுவின் கணக்கில் கழித்தலும் உண்டு. 2025 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான தொடரில் ஷார்ட் பந்தைத் தூக்கி அடித்துத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அவுட்டானார். 2025 ஐ.பி.எல்லில் காயத்தால் 9 ஆட்டம்தான், 285 ரன். சேப்பாக்கத்தில் அவர் எப்படி ஆடுவார் என்பது தனிக் கேள்வி. 2024 மே மாதம் இரண்டாவது குவாலிஃபயர் அங்கேதான் நடந்தது. ஹைதராபாத்தின் பகுதிநேரச் சுழலுக்கே ராஜஸ்தான் திணறியது, சஞ்சு 10 ரன்னில் அபிஷேக் சர்மா பந்தில் கேட்ச் கொடுத்தார்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த நெல் திருவிழாவில் ஒரு முறை உண்டு. பாரம்பரிய விதை நெல் இரண்டு கிலோ வாங்கிப் போகிறவர், அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதையை வாங்குகிற யாரும் முதலில் தன் வயல் மேடா பள்ளமா, தண்ணீர் நிற்குமா என்று யோசித்துத்தான் ரகத்தைத் தேர்வு செய்வார். சஞ்சு நல்ல விதை என்பதில் சந்தேகமில்லை. சேப்பாக்கம் எந்த மாதிரி மண்ணாக இருக்கப்போகிறது என்பதைச் சென்னை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும். பந்து நின்று வரும் பழைய பிட்ச்சா, தட்டையான புதிய பிட்ச்சா? 2025-ல் அதுவே அவர்களுக்குத் தெரியவில்லை. சேப்பாக்கத்தில் ஹோம் அட்வான்டேஜ் எதுவும் எங்களுக்கு இல்லை என்று பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். அங்கே ஆடிய ஆறு ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் வெற்றி.

ஜட்டு போனால் என்ன போகும்?

2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு சென்னை அவரை வாங்கியது. டெக்கான் சார்ஜர்ஸும் அதே உச்சத்தொகை வரை வந்ததால், டை-பிரேக்கரில்தான் சென்னைக்குக் கிடைத்தார். அணி தடை செய்யப்பட்ட 2016, 2017 ஆண்டுகளைக் கழித்தால் மொத்தம் 12 சீசன். 2018, 2021, 2023 என்று மூன்று கோப்பை. சென்னைக்காக ஐ.பி.எல்லில் அதிக விக்கெட் எடுத்தவர் யார் என்று கேட்டால் பலர் பிராவோ என்பார்கள். இல்லை, 2025-ல் பிராவோவைத் தாண்டி ஜடேஜா முதலிடத்துக்கு வந்துவிட்டார்.

சரிவும் கண்ணுக்குத் தெரிகிறது. 2023-ல் 20 விக்கெட், 2024-ல் 8, 2025-ல் 10. 2025 டிசம்பர் 6 வந்தால் வயது 37. சர்வதேச டி20-யிலிருந்து 2024 உலகக் கோப்பையோடு ஓய்வு பெற்றுவிட்டார். சுழலுக்கு 2025-ல் சென்னையின் முதல் ஆள் நூர் அகமது, அந்த சீசனில் 24 விக்கெட் எடுத்தார்.

அப்படியென்றால் கொடுத்துவிடலாமா? இன்னொரு எண்ணையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அந்த மோசமான சீசனில் ஷிவம் துபேவுக்கு அடுத்து சென்னைக்காக அதிக ரன் அடித்தவர் ஜடேஜாதான், 301. பெங்களூருவில் மே 3-ம் தேதி 45 பந்தில் 77 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார், சென்னை 2 ரன்னில் தோற்றது. பேட்டிங்கை வலுப்படுத்த சஞ்சுவை வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்த வருடம் அதிக ரன் அடித்த இரண்டாவது ஆளைக் கொடுக்கிறார்கள்.

பந்துவீச்சில் ஓட்டை இன்னும் பெரியது. அஸ்வின் போய்விட்டார். ஜடேஜாவும் போனால், ஏழாவது ஓவரிலிருந்து பதினைந்தாவது ஓவர் வரை நூருக்கு எதிர்முனையில் பந்து வீச நம்பிக்கையான ஒருவர் இல்லை. ஃபீல்டிங்கில் அவர் நிற்கும் பக்கம் பேட்ஸ்மேன்கள் இரண்டாவது ரன் ஓடத் தயங்குவார்கள். அந்த ஓடாத ரன்கள் எந்த ஸ்கோர்கார்டிலும் வராது. ஒரு ஆளை விற்றால் ஒரு ஆளை வாங்கினால் போதும் என்பது ஜடேஜா விஷயத்தில் பொருந்தாது. சுழலுக்கு ஒருவர், ஏழாவது இடத்தில் அடிக்க ஒருவர் என்று இரண்டு பேரை ஏலத்தில் தேட வேண்டும். மிச்சமாகும் 12 கோடி பெரிதும் அதற்கே போய்விடும்.

சாம் கரன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020, 2021-ல் சென்னையில் செல்லப்பிள்ளை, பிறகு பஞ்சாப் 18.5 கோடிக்குக் கொண்டுபோனது, 2.4 கோடிக்குத் திரும்பி வந்தார். 2025-ல் ஐந்து ஆட்டம், பஞ்சாபுக்கு எதிராக சேப்பாக்கத்தில் ஒரு அபாரமான 88. போனால் வருத்தம் இருக்கும், இழப்பு பெரிதாக இருக்காது.

டல்லாஸில் ஒருவருக்கு வேலை போனது

அதே வாரம் அமெரிக்காவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை, சஞ்சுவின் பிறந்தநாள் அன்றே, டல்லாஸ் மாவெரிக்ஸ் என்ற கூடைப்பந்து அணி தன் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனை வேலையை விட்டு அனுப்பியது. காரணம் ஒரு டிரேடு.

2025 பிப்ரவரியில் அந்த அணி லூகா டான்சிச் என்ற நட்சத்திரத்தை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, முக்கியமாக ஆண்டனி டேவிஸை வாங்கியது. லூகாவுக்கு அப்போது 25 வயது, எட்டு மாதத்துக்கு முன்புதான் அணியை என்.பி.ஏ இறுதிச்சுற்றுக்குக் கொண்டு போயிருந்தார். டேவிஸுக்கு 31. தற்காப்பு ஆட்டம்தான் கோப்பை வெல்லும், அதற்கு டேவிஸ் வேண்டும் என்பது ஹாரிசனின் வாதம். டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார். அன்றிலிருந்து டல்லாஸ் மைதானத்தில் ஹாரிசனை நீக்கு என்ற கோஷம் நிற்கவே இல்லை. 2025-26 சீசனில் முதல் 11 ஆட்டத்தில் மூன்றே வெற்றி. அணி நிர்வாகம் தாங்கவில்லை.

அங்கே வீரரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்ற விதி பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. ஒப்பந்தத்தில் தனிப்பிரிவு இருக்கும் ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள், எந்த ஊருக்கு அனுப்பினாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த வகையில் ஐ.பி.எல் விதி எவ்வளவோ மேல்.

சென்னை ரசிகர்கள் பலர் டல்லாஸ் கதையைச் சொல்லி, ஜட்டுவைக் கொடுத்தால் நமக்கும் இதே கதிதான் என்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. டல்லாஸ் இளைஞரைக் கொடுத்து வயதானவரை வாங்கியது. இங்கே 37-ஐத் தொடப்போகிறவரைக் கொடுத்து 31 வயதுக்காரரை வாங்குகிறது சென்னை. வயதுக் கணக்கில் ஹாரிசனின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ராஜஸ்தான். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சஞ்சுவே விலக விரும்புவதாகச் செய்திகள் வந்தன. போக நினைப்பவரைப் பிடித்துவைத்து என்ன செய்வது? தவிர ஜடேஜா அவர்களுக்குப் புதியவர் அல்ல. 2008-ல் ஷேன் வார்னே தலைமையில் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது, 19 வயதுப் பையனாக அந்த அணியில் இருந்தவர் அவர். வார்னே அவரை ராக்ஸ்டார் என்று கூப்பிட்டதும் அங்கேதான்.

சேப்பாக்கம் மறந்துபோன ஒன்று

டிரேடு வேண்டாம் என்று அப்போது சத்தம் போட்ட கூட்டத்துக்கு ஒரு சின்ன ஞாபகம். 2023 சீசனில் சேப்பாக்கத்தில் ஜடேஜா அவுட்டானால் கைதட்டல் எழுந்தது. எதிரணி ரசிகர்களிடமிருந்து அல்ல, மஞ்சள் சட்டைக்காரர்களிடமிருந்து. அடுத்து தோனி வருவார் என்பதற்காக. நான் முன்னால் இறங்கி ஆடினால், எப்போது அவுட்டாவேன் என்று காத்திருப்பார்கள் என்று ஜடேஜாவே ஓர் ஆட்டம் முடிந்து சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த சீசன் முடிவில்தான் அந்த இரண்டு பந்து.

2022-ல் கேப்டன் பதவியைக் கொடுத்து, எட்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி என்றதும் அவர் பதவியைத் திருப்பிக் கொடுத்து, பாதியில் காயத்தோடு வீட்டுக்குப் போனார். அணிக்கும் அவருக்கும் மனக்கசப்பு என்று அப்போதும் பேச்சு அடிபட்டது. தோனிக்குத் 'தல', ரெய்னாவுக்குச் 'சின்ன தல' என்று பட்டம் கொடுத்த ஊர், ஜடேஜாவுக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு பட்டம் தேடி முடிக்கவே இவ்வளவு வருடமாகிவிட்டது.

ரெய்னா பெயர் வந்ததால் அதையும் சொல்லிவிடலாம். 2022 மெகா ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவின் பெயர் வந்தபோது சென்னை மேசையில் ஒரு கையும் உயரவில்லை. எந்த அணியும் வாங்காமல் அவருடைய ஐ.பி.எல் வாழ்க்கை அங்கேயே முடிந்தது. கிரிக்கெட் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் மிஸ்டர் ஐ.பி.எல் என்று அழைக்கப்பட்டவருக்கு அப்படி ஒரு வழியனுப்பல் பொருத்தமாக இல்லை என்பது இன்றும் பல ரசிகர்களின் ஆற்றாமை.

இந்த டிரேடில் சென்னைக்கு உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. கிரிக்கெட் கணக்கில் ஜடேஜாவுக்குச் சஞ்சு என்பது செய்யக்கூடிய டிரேடு, செய்ய வேண்டிய டிரேடு என்றும் சொல்லலாம். கீப்பர் கிடைக்கிறார், மேல்வரிசை கிடைக்கிறது, ஆறு வயது குறைகிறது. சுழலில் விழும் ஓட்டையை அடைக்க ஏலத்துக்குப் பணமும் இருக்கிறது. ஆனால் இது ஜடேஜாவுக்கும் பிடித்த முடிவாக இருக்க வேண்டும். பழைய அணி, வேண்டுமென்று கேட்டு வாங்குகிற அணி என்று அவர் விரும்பிப் போனால், அது கௌரவமான மாற்றம். வெளியே போவது தவிர வேறு வழியில்லை என்று நெருக்கிக் கையெழுத்து வாங்கினால், அடுத்து சென்னைக்கு வர யோசிக்கும் ஒவ்வொரு வீரரும் அதைக் குறித்துவைத்துக்கொள்வார்.

ஜடேஜா அந்த நேரத்தில் கொல்கத்தாவில் இருந்தார். அந்த வார வெள்ளிக்கிழமை ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான முதல் டெஸ்ட் தொடங்கியது. பட்டியல் வெளியாக வேண்டிய சனிக்கிழமை அந்த டெஸ்ட்டின் இரண்டாம் நாள். அவர் பந்து வீசிக்கொண்டிருக்கும்போதேகூட அறிவிப்பு வரலாம் என்ற நிலை.

சனிக்கிழமை பட்டியல் வந்ததும் சென்னை ரசிகர்கள் ஜடேஜா பெயரைத்தான் முதலில் தேடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அதோடு இன்னும் மூன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. டெவால்ட் பிரெவிஸ் பெயர் தக்கவைத்தவர்களில் இருக்கிறதா? ராஜஸ்தான் முதலில் அவரைத்தான் கேட்டதாகச் செய்தி, அவரைக் கொடுத்திருந்தால் இது மோசமான டிரேடு. ராஜஸ்தான் எந்த வெளிநாட்டு வீரரை விட்டது? யாரையும் விடவில்லை என்றால் கரன் அங்கே போக முடியாது. கடைசியாக, சென்னையின் பர்ஸில் எவ்வளவு மிச்சம்? நூருக்குத் துணையாக ஒரு சுழற்பந்து வீச்சாளர் வருவாரா என்பதை அந்த எண்தான் சொல்லும்.